ஒரே பெயரில் பலர்: ஆளை மாற்றி எழுதாமல் இருக்கத் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புகழ்பெற்ற ஒருவரைப் பற்றி எழுதும்போது நேரும் பிழைகளில் மிகவும் கேடானது, அதே பெயர் கொண்ட இன்னொருவரின் செய்தியை அவர்மேல் ஏற்றிவிடுவது. ஆண்டு தவறினால் திருத்திவிடலாம். ஆளே மாறிவிட்டால், ஒருவர் வாழ்நாள் முழுவதும் உழைத்துக் கண்டது மற்றவர் கணக்கில் போய்ச் சேர்கிறது. அப்படி எழுதப்பட்ட கட்டுரையில் ஒவ்வொரு தகவலும் தனித்தனியே உண்மையாக இருப்பதால், சரிபார்ப்பவருக்குக்கூட எளிதில் ஐயம் எழுவதில்லை.

எங்கே கவனம் வேண்டும் என்பதைத் தவறாகக் கணிப்பதுதான் முதல் தவறு. 1561 முதல் 1626 வரை வாழ்ந்த மெய்யியலாளர் பிரான்சிஸ் பேக்கனையும், 1909இல் பிறந்த ஓவியர் பிரான்சிஸ் பேக்கனையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. காலமும் துறையும் அவர்களைத் தாமாகவே பிரித்துவிடுகின்றன. காலமும் துறையும் குடும்பமும் நெருங்கியிருக்கும்போதுதான் குழப்பம் உண்மையில் தொடங்குகிறது. அதற்கு எஸ். சந்திரசேகர் என்ற பெயரைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை.

சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910இல் லாகூரில் பிறந்தவர். வெண்குறு விண்மீன்களின் நிறைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்று காட்டியவர். 1983இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். சிவராமகிருஷ்ண சந்திரசேகர் 1930இல் பிறந்து 2004இல் மறைந்தவர். பெங்களூர் இராமன் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றி, வட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகங்களாக அமையும் என்பதை 1977இல் தம் குழுவினருடன் அறிவித்தவர். முன்னவர் சர் சி. வி. இராமனின் அண்ணன் மகன். பின்னவர் இராமனுடைய சகோதரியின் மகன். இருவருமே இயற்பியலாளர்கள், இருவருமே இலண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தின் உறுப்பினர்கள். ஆகவே, "இராமனின் உறவினரும் ராயல் சொசைட்டி உறுப்பினருமான இயற்பியலாளர் எஸ். சந்திரசேகர்" என்று எழுதினால், தலைப்பெழுத்து, துறை, குடும்பம், பெருமை என நான்கு அடையாளங்களைத் தந்த பிறகும் யாரைச் சொல்கிறோம் என்பது தெளிவாகாது. போதாக்குறைக்கு, மக்கள்தொகை ஆய்வாளரும் 1967இல் மத்திய சுகாதாரத் துறை அமைச்சர் பொறுப்பேற்றவருமான ஸ்ரீபதி சந்திரசேகரும் எஸ். சந்திரசேகர்தான்.

ஓர் அடையாளம் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், கையில் இருக்கும் அடையாளம் இவரை மற்றவரிடமிருந்து பிரிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இயற்பியலாளர் சந்திரசேகர்கள் இருவரையும் பிரிப்பவை விரித்து எழுதிய தந்தை பெயரும், பிறந்த ஆண்டும், குறிப்பான ஆய்வுப் பொருளும் மட்டுமே. கட்டுரையில் பெயர் முதன்முறை வரும் இடத்திலேயே இவற்றுள் இரண்டையேனும் சேர்த்துவிட்டால், பிறகு வரும் பக்கங்களில் சுருக்கமாக எழுதுவதில் தீங்கில்லை.

இதற்கு நேர்மாறாக, தலைப்பெழுத்தே காப்பாற்றக்கூடிய இடத்தில் அதை விட்டுவிடுகிறவர்களும் உண்டு. வீணைக் கலைஞர் எஸ். பாலசந்தர் 1954இல் "அந்த நாள்" திரைப்படத்தை இயக்கினார். கே. பாலசந்தர் இயக்குநராக அறிமுகமானது 1965இல். இருவரையும் வெறும் "பாலசந்தர்" என்று எழுதுவதால், பாடல்களே இல்லாமல் வந்த அந்தப் படம் கே. பாலசந்தருடையது என்ற எண்ணம் எளிதில் உண்டாகிவிடுகிறது. ஓர் எழுத்தையும் ஒரு புள்ளியையும் சேர்த்தால் தீர்ந்துவிடும் சிக்கல் இது. பெயரின் ஈற்றெழுத்தைப் பொருட்படுத்தாத வழக்கமும் இப்படிப்பட்டதே. 1887இல் பிறந்த சீனிவாச இராமானுஜனைத் தமிழில் பலர் "இராமானுஜம்" என்றே எழுதுகிறார்கள். ஆனால் இயற்கணித வடிவியலில் சிறந்த பங்களிப்புச் செய்து 1974இல் மறைந்த சி. பி. இராமானுஜம் என்ற கணிதவியலாளர் தனியே இருக்கிறார். முன்னவர் 32 வயதிலும் பின்னவர் 36 வயதிலும் காலமானார்கள் என்பதால், "இளம் வயதில் மறைந்த கணித மேதை இராமானுஜம்" என்ற தொடர் இருவருக்குமே பொருந்திவிடுகிறது.

வரலாற்றாசிரியர்கள் தரும் எண்களை அளவுக்கு மீறி நம்புவதையும் தவிர்க்க வேண்டும். முதலாம் பாஸ்கரர், இரண்டாம் பாஸ்கரர் என்ற வரிசை பிற்கால ஆய்வாளர்கள் வசதிக்காகச் சூட்டியது. மூல நூல்களில் வெறும் பாஸ்கரர் என்றுதான் இருக்கும். ஆரியபட்டீயத்துக்கு உரை எழுதியவரும், சைன் மதிப்பைத் தோராயமாகக் கணக்கிடும் புகழ்பெற்ற சூத்திரத்தைத் தந்தவரும் 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த முதலாமவர். "லீலாவதி" என்ற கணித நூலை எழுதியவர் 1114இல் பிறந்த இரண்டாமவர். இடையே ஏறத்தாழ 500 ஆண்டுகள் இருந்தும், இருவரும் கணிதமும் வானியலும் எழுதியவர்கள் என்பதால், "பாஸ்கரரின் சூத்திரம்" என்று படிக்கும் மாணவர் இருவருள் புகழ் மிகுந்தவரையே நினைத்துக்கொள்கிறார். 1979இலும் 1981இலும் ஏவப்பட்ட இந்தியாவின் பாஸ்கரா-1, பாஸ்கரா-2 செயற்கைக்கோள்கள் இதில் இன்னொரு சிக்கலைச் சேர்க்கின்றன. அவற்றிலுள்ள எண் ஏவப்பட்ட வரிசையைக் குறிப்பது. முதற்கோள் முதலாம் பாஸ்கரருக்கும் அடுத்தது இரண்டாமவருக்கும் உரியது என்று அந்த எண்ணைக் கொண்டு முடிவு செய்யக் கூடாது.

பட்டத்தைப் பெயராக எடுத்துக்கொள்வது அடுத்த தவறு. பாரதி என்பது பலருக்கு வழங்கிய பட்டம். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடியவர் கோபாலகிருஷ்ண பாரதியார். "எப்படிப் பாடினரோ" என்ற பாடல் சுத்தானந்த பாரதியாருடையது. நாவலர் சோமசுந்தர பாரதியார் தமிழாராய்ச்சியில் தனி இடம் பெற்றவர். இவர்களுடைய எழுத்துகள் வெறும் "பாரதியார்" என்ற குறிப்போடு பகிரப்படும்போது, எல்லாமே சுப்பிரமணிய பாரதியார் பெயரில் ஒதுங்கிவிடுகின்றன. அவருக்கு இதனால் புகழ் கூடப்போவதில்லை. மற்றவர்களுக்கோ இருந்த புகழும் போய்விடுகிறது.

சோழர் கல்வெட்டுகளைப் படிப்பவர்கள் இதே சிக்கலை நெடுங்காலமாகச் சந்தித்து வருகிறார்கள். சோழ மன்னர்கள் இராசகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாறி மாறிச் சூடினார்கள். எனவே "கோப்பரகேசரி" என்ற பட்டமும் ஆட்சியாண்டும் மட்டும் உள்ள கல்வெட்டு அந்தப் பட்டம் பெற்ற மன்னர் பலருள் எவருக்கும் உரியதாகலாம். "மதிரை கொண்ட" (மதுரையை வென்ற) என்ற அடைமொழி சேர்ந்து வந்தால் அது முதலாம் பராந்தகன் என்று துணியலாம். அடைமொழி இல்லாதபோது ஆய்வாளர்கள் எழுத்தமைதி, உடன் குறிக்கப்படும் அதிகாரிகள், நிகழ்ச்சிகள் ஆகியவற்றைக் கொண்டே முடிவுக்கு வருகிறார்கள். அவையும் உதவாவிட்டால் முடிவைத் தள்ளிவைக்கிறார்கள். அந்தத் தள்ளிவைப்பை எல்லா எழுத்தாளர்களும் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஒரே குடும்பத்துக்குள் பெயர் திரும்ப வரும்போது, நிகழ்ச்சியும் ஒன்றாகவே இருக்கக்கூடும். கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது உயிரிழந்தவர் உரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி. அதைப் பார்த்துப் பிற்பாடு வரலாற்றாசிரியர் டாசிட்டஸுக்குக் கடிதங்களில் விவரித்தவர் அவருடைய சகோதரியின் மகனான இளைய பிளினி. "மூத்த", "இளைய" என்ற சொற்களை வெட்டிவிட்டால், வெடிப்பில் மாண்டவரே அதைப் பற்றிக் கடிதம் எழுதியதாக ஆகிவிடும். இசையமைப்பாளர் யோகான் ஸ்ட்ராஸ் என்ற பெயர் தந்தைக்கும் மகனுக்கும் பொது. 1848ஆம் ஆண்டு வியன்னாவில் நடந்த புரட்சியில் தந்தை அரசவையின் பக்கமும் மகன் புரட்சியாளர் பக்கமும் நின்றார்கள். ரடெட்ஸ்கி அணிவகுப்பு இசை தந்தையுடையது, நீல டான்யூப் மகனுடையது.

பழைய இலக்கியத்தில் வேறு வகையான தவறு நேர்கிறது. அதியமான் நெடுமான் அஞ்சியைப் பாடிய சங்க கால ஔவையாரும், ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் தந்த பிற்கால ஔவையாரும் பல நூற்றாண்டுகள் இடைவெளியில் வாழ்ந்தவர்கள். வழக்கிலுள்ள கதைகள் இருவரையும் ஒரே பாட்டியாக்கி, நீண்ட வாழ்வை அதற்குக் காரணமாகச் சொல்கின்றன. கதையைக் கதையாகப் போற்றலாம். வாழ்க்கைக் குறிப்பு எழுதும்போது நூலின் மொழிநடையையும் பாடப்பட்ட மன்னரையும் கொண்டு பிரித்தாக வேண்டும். சங்கப் பாடல்களில் சீத்தலைச் சாத்தனார், பெருந்தலைச் சாத்தனார், மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்று ஊரும் தந்தையும் பெயரோடு சேர்ந்தே வழங்குகின்றன. அந்த அடைகளைச் சுருக்கத்துக்காகக் களைவது, ஒரு காலத்தில் கிடைத்த தெளிவை நாமே அழிப்பதாகும். ஆனால் பெயர் ஒன்றாக இருக்கும் இடமெல்லாம் ஆள் பலர் என்று முடிவு கட்டுவதும் பிழையே. நெடுநல்வாடையும் திருமுருகாற்றுப்படையும் பாடிய நக்கீரர் ஒருவரா இருவரா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதை வேறுபாடாகவே பதிவு செய்வதுதான் நேர்மை. இபின் சினா என்ற மருத்துவ அறிஞரின் பெயர் ஐரோப்பாவில் அவிசென்னா என்று வழங்கியது. அதை அறியாமல் அவர்களை இருவர் என்று எழுதுவது இதே பிழையின் மறுபக்கம்.

வாழும் காலத்திலேயே இச்சிக்கலைத் தீர்த்துக்கொண்டவர்களும் உண்டு. பின்னாளில் பிரிட்டனின் பிரதமரான வின்ஸ்டன் சர்ச்சில், அதே பெயரில் அமெரிக்காவில் புகழ்பெற்ற நாவலாசிரியர் இருப்பதை அறிந்து, 1899இல் அவருக்குக் கடிதம் எழுதினார். தம் நூல்களில் வின்ஸ்டன் ஸ்பென்சர் சர்ச்சில் என்று கையெழுத்திடுவதாகவும் ஒப்புக்கொண்டார். இன்றைய ஆய்வாளர்களுக்கு 2012 முதல் செயல்படும் ஆர்கிட் என்ற 16 இலக்க அடையாள எண் உதவுகிறது. நூலகப் பட்டியல்கள் பெயருக்குப் பின் பிறந்த ஆண்டைச் சேர்ப்பதும் இதற்காகவே.

தேடுபொறி காட்டும் முதற்படத்தை எடுத்து ஒட்டுவது, பத்து தளங்கள் ஒரே வாக்கியத்தைச் சொல்வதால் அதை உறுதியான செய்தியாகக் கொள்வது ஆகியவை இன்று மலிந்துவிட்ட தவறுகள். பத்து தளங்களும் ஒன்றையே பார்த்து எழுதியிருந்தால் சான்று ஒன்றுதான். ஐயம் எழும்போது எளிய கணக்கு ஒன்று உதவும்: அந்த நிகழ்ச்சி நடந்த ஆண்டில் இவருக்கு என்ன வயது, அப்போது இவர் எங்கே இருந்தார் என்று பாருங்கள். பிறப்பதற்கு முன் பட்டம் பெற்றவர்களையும், இறந்த பிறகு விருது வாங்கியவர்களையும் இந்த ஒரு கேள்வியே பிடித்துவிடும்.

உயிரோடு இருப்பவர்கள் செய்தியில் இந்தக் கவனம் இருமடங்காக வேண்டும். கைது, வழக்கு, மரணம் ஆகியவற்றைப் பெயரை மட்டும் நம்பி ஒருவர் பக்கத்தில் சேர்க்கவே கூடாது. வயது, ஊர், பதவி ஆகியவற்றுள் இரண்டேனும் பொருந்தும் வரை காத்திருக்க வேண்டும். தவறு நேர்ந்துவிட்டால், வாக்கியத்தை ஓசையின்றி நீக்குவது போதாது. எந்தச் செய்தி யாருக்கு உரியது, யார்மேல் தவறாக ஏற்றப்பட்டது என்று இருவரையும் முழுப்பெயரோடு குறிப்பிட்டு, திருத்தத்தை அதே பக்கத்தில் வெளியிட வேண்டும். அதைப் படி எடுத்த மற்றவர்களும் அப்போதுதான் தங்கள் பக்கங்களைத் திருத்திக்கொள்ள முடியும்.