ஜே.ஜே. யார் என்ற கேள்வியும் சில வாசிப்புத் தவறுகளும்

நாகர்கோவிலில் இலக்கியம் பேசுகிற நான்கு பேர் கூடிய இடத்தில் சுந்தர ராமசாமியின் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ பற்றிப் பேச்செடுத்தால், சிறிது நேரத்திலேயே யாராவது ஒருவர் “உண்மையில் அந்த ஜே.ஜே. யார்?” என்று கேட்டுவிடுவார். 1960ஆம் ஆண்டில் காலமான மலையாள நாடகாசிரியர் சி.ஜே. தாமஸ்தான் என்பார் ஒருவர். இன்னொருவர் வேறு பெயரைச் சொல்வார். பிறகு துணைப்பாத்திரங்களுக்கும் ஆள் தேடத் தொடங்குவார்கள். நாவலின் ஒரு பக்கத்தைக்கூடத் திறக்காமலேயே மாலை முடிந்துவிடும். கடினமான நவீன நாவல்களை அணுகும்போது நம் மாவட்டத்து வாசகர்கள் செய்யும் தவறுகளில் இதையே பெரியதாகக் கருதுகிறேன். எழுதியவரின் தெருவும் ஜவுளிக்கடையும் நமக்குத் தெரிந்தவை என்பதால், வெளியூர் வாசகரைக் காட்டிலும் எளிதாக நாம் இதில் விழுகிறோம்.

1981இல் வெளிவந்த அந்த நாவல் ஒரு மரணச் செய்தியோடு தொடங்குகிறது. ஆல்பெர் காம்யு விபத்தில் இறந்ததற்கு மறுநாள், 1960 ஜனவரி 5ஆம் தேதி, 39 வயதில் ஜோசஃப் ஜேம்ஸ் இறந்தான் என்கிறது அதன் முதல் வாக்கியம். பிரெஞ்சு எழுத்தாளர் காம்யு ஜனவரி 4ஆம் தேதி கார் விபத்தில் இறந்தது உலகறிந்த உண்மை. அந்த உண்மைக்குப் பக்கத்திலேயே பிறந்திராத ஒருவனின் சாவை ஆசிரியர் வைக்கிறார். அதன்பின் தேதிகள், நூற்பெயர்கள், நண்பர்களின் சாட்சியங்கள் என்று பாலு என்னும் தமிழ் எழுத்தாளன் ஜே.ஜே.யின் வாழ்க்கையைத் திரட்டுகிறான். இரண்டாம் பகுதியில் ஜே.ஜே.யின் நாட்குறிப்பே வருகிறது. இல்லாத ஒருவனை இருந்தவனாக நிறுவ இத்தனை பாடு எதற்கு என்பதே வாசகர் கேட்க வேண்டிய கேள்வி. அப்படி ஒருவன் தமிழில் இல்லை என்ற பாலுவின் ஏக்கம்தான் அந்த நாவலின் உயிர் என்பது என் வாசிப்பு. அந்த வெற்றிடத்தில் ஒரு நிஜமான பெயரை வைத்து அடைத்த கணமே ஏக்கம் அணைந்துவிடுகிறது. நாவல் வெறும் விடுகதையாகச் சுருங்கிவிடுகிறது.

ஜே.ஜே. ஏன் மலையாள எழுத்தாளனாக இருக்கிறான் என்று திகைப்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். 1956 நவம்பர் 1ஆம் தேதிவரை நம் ஊர்கள் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தவை. மலையாள நாவலாசிரியர் தகழியின் ‘செம்மீன்’, ‘தோட்டியின் மகன்’ இரண்டையும் தமிழுக்குக் கொண்டுவந்தவர் சுந்தர ராமசாமியே. இங்குள்ளவர்களுக்கு மலையாளம் பக்கத்து வீட்டு மொழி. அந்த வீட்டின் வெளிச்சத்தில் நின்று சொந்த வீட்டைப் பார்ப்பது இங்கு இயல்பாக நிகழ்வது. இத்தகைய பின்புலச் செய்தி வாசிப்புக்கு உதவுகிறது. ஆளை அடையாளம் காட்டும் செய்தி உதவுவதில்லை. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

சுந்தர ராமசாமியின் இன்னொரு நாவலான ‘ஒரு புளியமரத்தின் கதை’யை வாசித்துவிட்டு மரம் நின்ற சந்திப்பை ஊருக்குள் தேடுவதும் இதன் சிறு வடிவமே. இடத்தைப் பார்க்கலாம், தவறில்லை. ஆனால் காற்றாடித் தோப்பு வெட்டப்பட்டுப் பூங்காவான மாற்றத்தை அந்த நாவல் எந்தக் குரலில் சொல்கிறது என்பதைக் கவனிக்காமல் இடத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதில் பயனில்லை.

அடுத்த தவறு, பாத்திரத்தின் தீர்ப்பை ஆசிரியரின் தீர்ப்பாகக் கொள்வது. பாலுவைத் தமிழ் எழுத்தாளன் என்று அறிமுகப்படுத்தும்போது, சிவகாமியம்மாள் தன் சபதத்தை நிறைவேற்றிவிட்டாளா என்று ஜே.ஜே. கேட்பதை, கல்கி மீது ஆசிரியர் வைத்த விமர்சனமாக மட்டும் எடுத்துக்கொண்டு சண்டையிட்டவர்கள் பலர். அந்தக் கேள்வி யார்மீது விழுகிறது என்று பாருங்கள். ஜே.ஜே.யை வழிபடும் நிலையில் இருக்கும் பாலுவின் மீது விழுகிறது. அந்த அடியையும் அவன்தான் எழுதுகிறான்.

நாட்குறிப்புப் பகுதிக்கு வந்ததும் புத்தகத்தை மூடிவிடுபவர்கள் அதிகம். கதை நகரவில்லை என்கிறார்கள். அங்கே நகர வேண்டியது கதை அல்ல, ஒரு மனம். விளக்கக் கட்டுரைகளை முதலில் படித்துவிட்டு நாவலுக்கு வருவதையும் நான் பரிந்துரைப்பதில்லை. பிறருடைய புரிதலைச் சரிபார்க்கும் வேலையாக வாசிப்பு மாறிவிடும். நாளுக்குப் பத்துப் பக்கம், விளங்காத பத்தியில் பென்சிலால் ஒரு கோடு, ஒரு மாதம் கழித்து அந்தக் கோடுகளுக்கு மட்டும் மறுவாசிப்பு என்று செய்து பார்த்தவர்களிடம் பலன் தெரிந்திருக்கிறது.

எழுத்தாளரின் கட்டற்ற வாழ்க்கையை அவருடைய எழுத்துக்குச் சான்றாகக் கொள்ளும் தவறு இளைஞர்களிடம் கூடுதலாக உண்டு. இதைப் பற்றி எனக்கு உண்மையான வருத்தம் இருக்கிறது. ஜி. நாகராஜனின் பெயரைச் சொன்னால் குடியும் அலைச்சலும் நினைவுக்கு வருகின்றன. 1974இல் வெளிவந்த ‘நாளை மற்றுமொரு நாளே’ ஒரு மனிதனின் ஒரேயொரு நாளுக்குள் அடங்கிய நாவல். ஒரு சொல் மிகையில்லாத கட்டுக்கோப்பு அதனுடையது. அவர் கணிதம் கற்பித்தவர் என்பது அந்தக் கட்டுக்கோப்பை வாசிக்கையில் நினைவுக்கு வருவதுபோல், அலைச்சல் நினைவுக்கு வருவதில்லை. சுந்தர ராமசாமி ஜவுளிக்கடை நடத்திய குடும்பஸ்தர். திருவனந்தபுரத்தில் வாழ்ந்த நகுலன் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர். பிராகாவில் காஃப்கா தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்தார். ஒழுங்கான வாழ்க்கையிலிருந்துதான் பெரிய எழுத்து வரும் என்று சொல்லவில்லை. நாகராஜனும் பெரிய எழுத்தாளர்தான். வாழ்க்கை முறையைப் பார்த்து எழுத்தின் தரத்தை அளக்க முடியாது என்கிறேன்.

நகுலனின் நாவல்களில் வரும் நவீனனை நகுலனாகவே வாசிப்பவர்களும், சுசீலா யார் என்று விசாரிப்பவர்களும் இன்றும் இருக்கிறார்கள். ‘நினைவுப்பாதை’யை எடுத்து முதல் சில பக்கங்களை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். பேச்சு எங்கே நினைவாகிறது, நினைவு எங்கே மறுபடியும் பேச்சாகிறது என்பது காதுக்குத் தெரியத் தொடங்கும். சுசீலா யார் என்பதை அதற்குப் பிறகும் கேட்கத் தோன்றினால் கேட்டுக்கொள்ளலாம்.