பாட சிலைடில் தமிழ்த் தலைப்பு குலையாமல் இருக்க

பவர்பாயிண்ட் பாடங்களில் தலைப்பை பிஎன்ஜி படமாக வைத்தால் பெரிதாக்கும்போது மங்கும். ஒரு ஒற்றுப்பிழைக்கும் படத்தையே திரும்பச் செய்ய வேண்டும். எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத எஸ்விஜி பட வடிவத்துக்கு மாறினேன். அதிலும் எழுத்து எழுத்தாகவே இருந்தால், அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் வேறொன்று வந்து உட்கார்ந்து, வரி கட்டத்தைத் தாண்டி ஓடும்.

இப்போது இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் இரண்டு கோப்பு. மூலத்தில் எழுத்து அப்படியே, திருத்தமெல்லாம் அங்கேதான். நகலில் எழுத்தைத் தேர்ந்து ஷிஃப்ட்+கன்ட்ரோல்+சி அழுத்தினால் வெறும் கோட்டுருவாகிவிடும், ஃபான்ட் தேவையில்லை. அதைத்தான் சிலைடில் செருகுகிறேன்.

ஒரு சொல்லுக்கு மட்டும் நிறம் மாற்ற, பவர்பாயிண்டில் ‘கன்வர்ட் டு ஷேப்’ கொடுங்கள். ‘தொ’ அப்போது கொம்பு, த, கால் என மூன்று துண்டாக நிற்கும். குரூப் செய்யாமல் அனிமேஷன் வைத்தால் கொம்பு மட்டும் தனியே பறக்கும்!

பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் கோட்டுருவைப் படிக்காது. படத்துக்கான மாற்று உரையாகிய ஆல்ட் டெக்ஸ்டில் அதே வரியைத் தட்டிவிடுங்கள்.