கேட்டரேடின் விகிதத்தில் விளையாட்டுப் பானம் தயாரிக்கும் முறை

ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 60 கிராம் சர்க்கரை, 450 மில்லிகிராம் சோடியம், 140 மில்லிகிராம் பொட்டாசியம். கேட்டரேட் என்ற அமெரிக்க விளையாட்டுப் பானத்தில் உடலுக்கு வேலை செய்பவை நீரும் இவையும்தான். எஞ்சியவை புளிப்புக்கும் மணத்துக்கும் நிறத்துக்கும் சேர்க்கப்படுபவை. இந்த விகிதத்தை வீட்டிலேயே அமைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்த எண்கள் எதற்காக இப்படி அமைந்தன என்று தெரிந்தவருக்கே எதைக் கூட்டலாம், எதைக் கூட்டக் கூடாது என்பதும் விளங்கும் என்பதால், செய்முறைக்கு முன் அதன் பிறப்பைச் சொல்லிவிடுகிறேன்.

1965ஆம் ஆண்டு, அமெரிக்காவின் கெய்ன்ஸ்வில் நகரிலுள்ள ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில், அமெரிக்கக் கால்பந்து அணிக்கு உதவிப் பயிற்சியாளராக இருந்த டுவைன் டக்ளஸ், ஆட்டம் முடியும்வரை வீரர்கள் சிறுநீர் கழிக்காதது ஏன் என்று சிறுநீரக மருத்துவர் ராபர்ட் கேடிடம் கேட்டார். அந்த எளிய கேள்வியிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. கேடும் அவருடைய சகாக்களான டேனா ஷயர்ஸ், ஜேம்ஸ் ஃப்ரீ, அலெஹாந்த்ரோ டி கெசாடா ஆகியோரும் வீரர்களைப் பரிசோதித்தபோது, வியர்வை வழியே நீரும் உப்பும் பெருமளவில் வெளியேறிவிடுவதையும், இரத்தத்தின் கன அளவும் சர்க்கரையும் குறைந்துவிடுவதையும் கண்டனர். இழந்தவற்றை ஒரே பானத்தில் திருப்பித் தர முயன்று அவர்கள் முதலில் கலக்கிய கரைசல் வாயில் வைக்க முடியாததாக இருந்தது. எலுமிச்சைச் சாறு சேர்க்கச் சொன்னவர் கேடின் மனைவி மேரி. அவ்வாண்டு அக்டோபரில் முதலாமாண்டு மாணவர் அணிக்கு அது கொடுத்துப் பார்க்கப்பட்டது. அடுத்து லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு எதிராகக் கடும் வெயிலில் நடந்த ஆட்டத்தில் முதன்மை அணியே அதைக் குடித்து வென்றது. ‘கேட்டர்ஸ்’ என்ற அணிப் பெயரிலிருந்தே பானத்தின் பெயரும் வந்தது.

1967இல் ஸ்டோக்லி-வான் கேம்ப் நிறுவனம் அதை விற்கும் உரிமையைப் பெற்றது. உரிமத்தொகை யாருக்கு என்ற வழக்கு, பல்கலைக்கழகத்துக்கு 20 விழுக்காடு என்ற உடன்பாட்டில் முடிந்தது. 1983இல் குவேக்கர் ஓட்ஸிடமும் 2001இல் பெப்சிகோவிடமும் அது சென்றது. இடையே இனிப்பூட்டிகள் மாறின. தொடக்கத்தில் சேர்க்கப்பட்ட சைக்லமேட், 1969இல் அமெரிக்காவில் தடைசெய்யப்பட்ட பின் நீக்கப்பட்டது. அடிப்படைக் கருத்து மட்டும் மாறவில்லை: நீரோடு சிறிது உப்பும் அளவான சர்க்கரையும்.

சர்க்கரை ஆற்றலுக்காக மட்டும் சேர்க்கப்படுவதன்று. சிறுகுடலின் சுவரில் குளுக்கோஸையும் சோடியத்தையும் ஒருசேர உள்ளே இழுக்கும் ஒரு கடத்திப் புரதம் உள்ளது. அவை இரண்டும் நுழையும்போது நீரும் பின்தொடர்கிறது. ஆனால் சர்க்கரை 8 விழுக்காட்டைத் தாண்டினால் இரைப்பை காலியாவது மந்தமாகி, ஓடும்போது வயிறு கனக்கும். 10 விழுக்காட்டுக்கு மேல் சர்க்கரையுள்ள குளிர்பானங்கள் ஓட்டத்தின் நடுவே உதவாமல் போவது இதனால்தான். ஆகவே, சுவைக்காக இன்னொரு கரண்டி சர்க்கரை போடும் ஆசையை உறுதியாக அடக்கிக்கொள்ளுங்கள்.

இனி செய்முறை. இதில் தவறு நேர்வது பெரும்பாலும் உப்பில். ஒரு லிட்டருக்குத் தேவையான உப்பு வெறும் 1.2 கிராம், உப்பின் எடையில் ஐந்தில் இரண்டு பங்கு சோடியம் என்பதால் இதிலிருந்து சுமார் 470 மில்லிகிராம் கிடைக்கும். சமையலறைத் தராசு இவ்வளவு சிறிய எடையை நம்பகமாகக் காட்டாது. தேக்கரண்டியால் அளந்தாலோ, உப்பின் பருமனைப் பொறுத்து ஒவ்வொரு முறையும் அளவு மாறும். எனவே ஆய்வகத்தாரின் வழியைப் பின்பற்றுங்கள்: 12 கிராம் உப்பை நிறுத்துச் சிறிது நீரில் கரைத்து, மொத்தம் 100 மில்லிலிட்டர் வரும்வரை நீர் சேர்த்துக்கொண்டால், அந்தக் கரைசலின் ஒவ்வொரு 10 மில்லிலிட்டரிலும் சரியாக 1.2 கிராம் உப்பு இருக்கும்.

அரை லிட்டர் வெதுவெதுப்பான குடிநீரில் 36 கிராம் சர்க்கரையையும் 18 கிராம் குளுக்கோஸ் பொடியையும் கரையுங்கள். ஆறியதும் உப்புக் கரைசலில் 10 மில்லிலிட்டர், வடிகட்டிய ஆரஞ்சுச் சாறு 60 மில்லிலிட்டர், எலுமிச்சைச் சாறு 20 மில்லிலிட்டர் ஊற்றி, மொத்தம் ஒரு லிட்டராகும்படி நீர் சேருங்கள். பொட்டாசியத்தின் பெரும்பகுதியும், சர்க்கரையில் விடுபட்ட ஐந்தாறு கிராமும் ஆரஞ்சுச் சாற்றிலிருந்து வந்துவிடும். கடையில் விற்கும் பானத்தில் சோடியத்தின் ஒரு பகுதியைச் சோடியம் சிட்ரேட்டும், பொட்டாசியத்தை மோனோபொட்டாசியம் பாஸ்பேட்டும் தருகின்றன. சிட்ரேட் உப்புக்கரிப்பை அவ்வளவாகக் காட்டாது என்பதால் வீட்டுப் பானம் நாவில் சற்றுக் கூடுதலாகக் கரிக்கும். அதைக் குளிரவைத்துக் குடித்தால் கரிப்பு குறைவாகத் தெரியும். பாதுகாப்பான் எதுவும் இல்லாததால் குளிர்பெட்டியில் வைத்து ஒரு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும்.

ஒரு மணி நேரத்துக்குக் குறைவான பயிற்சிக்கு வெறும் நீரே போதும். அதைவிட நீளும் கடும் பயிற்சியில், 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை 150 முதல் 200 மில்லிலிட்டர் குடிக்கலாம். ஆனால் உங்களுக்கு எவ்வளவு தேவை என்பதை எடைக்கருவியே சரியாகச் சொல்லும்: பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள், குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லிட்டர் வியர்வை. பயிற்சி முடிந்தபின் எடை கூடியிருந்தால், அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள் என்று பொருள். இதை இலேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பலரது வியர்வையில் இந்தப் பானத்தைவிடச் சோடியம் அதிகம் என்பதால், தேவைக்கு மேல் குடிப்பவரின் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் உயிருக்கே ஆபத்து நேரலாம். 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் இரத்த மாதிரி அளித்த 488 பேரில் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் இயல்பைவிடக் குறைந்திருந்தது.

நீரிழிவு, சிறுநீரக நோய், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டபின்பே இதைக் குடிக்க வேண்டும். வயிற்றுப்போக்குக்கு இந்தப் பானத்தைக் கொடுக்கவே கூடாது. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் வாய்வழி நீரேற்றக் கரைசலில் சோடியம் இதைப்போல் நான்கு மடங்குக்குச் சற்றுக் குறைவாகவும், சர்க்கரை நான்கில் ஒரு பங்குக்கும் குறைவாகவும் இருக்கும். அதற்கு மருந்துக்கடைப் பொட்டலத்தையே வாங்கி, அதில் அச்சிட்டுள்ள அளவு நீரில் கரைத்துக் கொடுங்கள்.