சந்திப்பு மோதலைத் தடுக்கும் வாகனத் தொடர்பைக் கணினியில் சோதிப்பது எப்படி?

சாலைச் சந்திப்பின் மூலையில் நிற்கும் கட்டடம் குறுக்கே வரும் வாகனத்தை மறைத்துவிட்டால், ஓட்டுநரின் கண்ணுக்கும் காரில் பொருத்திய கேமராவுக்கும் ரேடாருக்கும் அது தென்படாது. ஒவ்வொரு வாகனமும் தன் இருப்பிடம், வேகம், செல்லும் திசை, பிரேக்கின் நிலை ஆகியவற்றை நொடிக்குப் பத்து முறை வானலையில் அறிவித்துக்கொண்டே சென்றால், காண முடியாத வாகனத்தையும் அறிந்துகொள்ளலாம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள ஆன் ஆர்பர் நகரில், 2012இல் தொடங்கி ஏறத்தாழ 2,800 வாகனங்களைக் கொண்டு இதைச் சாலையிலேயே சோதித்தார்கள். அத்தகைய வசதி இல்லாத பொறியியல் மாணவர், கல்விப் பயன்பாட்டுக்கு இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள்களைக் கொண்டு தம் மடிக்கணினியில் சோதித்துப் பார்க்கலாம்.

மென்பொருளைத் திறக்கும் முன் காகிதத்தில் ஒரு கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் நொடிக்கு 16.7 மீட்டர் நகர்கிறது. ஓட்டுநர் சுதாரிக்க ஒன்றரை நொடி எடுத்தால் அதற்குள் 25 மீட்டர் போய்விடும். நொடிக்கு நொடி 6 மீட்டர் வேகம் குறையும்படி பிரேக் பிடித்தால் மேலும் 23 மீட்டர் தேவைப்படும். ஆக, நிற்பதற்கு 48 மீட்டர் வேண்டும். 100 கிலோமீட்டர் வேகத்தில் இதுவே 106 மீட்டராகிவிடும். செங்குத்தாக வெட்டும் இரு சாலைகளில் இரண்டு கார்களும் சந்திப்பிலிருந்து 48 மீட்டர் தொலைவில் இருந்தால், அவற்றுக்கு இடையே நேர்கோட்டில் 68 மீட்டர்தான் இருக்கும். திறந்த வெளியில் சில நூறு மீட்டர் எட்டும் வானலைக்கு இது பெரிய தொலைவே அன்று. இடையில் நிற்கும் கட்டடமே உண்மையான தடை. நிறுத்தத் தொலைவைக் கடந்தபின் வரும் எச்சரிக்கையை வராததாகவே கணக்கில் எழுதுங்கள்.

வாகனங்களின் ஓட்டத்தைக் காட்ட ஜெர்மன் விண்வெளி மையம் உருவாக்கிய சூமோவும், செய்திப் பரிமாற்றத்தைக் காட்ட ஆம்நெட்++ மென்பொருளும், இரண்டையும் இணைத்து ஓட்ட வெய்ன்ஸும் வேண்டும். மூன்றிலும் புதிய பதிப்பையே நிறுவ வேண்டும் என்று நினைக்காமல், ஒன்றோடொன்று பொருந்துவதாக வெய்ன்ஸ் ஆவணம் குறிப்பிடும் பதிப்புகளையே நிறுவுங்கள். அதனுடன் வரும், ஜெர்மனியின் எர்லாங்கன் நகர எடுத்துக்காட்டு பிழையின்றி ஓடிய பிறகு, ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்னும் இலவச இணைய வரைபடத்திலிருந்து உங்களுக்குத் தெரிந்த ஒரு சந்திப்பைச் சூமோவுக்குள் கொண்டுவாருங்கள். அப்போது இடப்பக்கப் போக்குவரத்து என்பதைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். நம் ஊர்களில் பல இடங்களில் வரைபடத்தில் சாலை இருக்கும், கட்டடம் இருக்காது. மூலைக் கட்டடங்களை நீங்களே வரைந்து சேர்க்காவிட்டால், சுவர்களால் அலை இழக்கும் வலிமையைக் கணக்கிடும் வெய்ன்ஸின் வசதி இருந்தும் பயனில்லை, எல்லாச் செய்திகளும் தடையின்றிப் போய்ச் சேர்ந்ததாகவே விடை வரும்.

இங்கே பலரைக் குழப்பும் செய்தி ஒன்று உண்டு. சூமோவின் வாகனங்கள் இயல்பாகவே மோதிக்கொள்ளாத நல்ல பிள்ளைகள். எச்சரிக்கை முறையைச் சேர்த்ததும் விபத்தே நடக்கவில்லை என்று அறிக்கை எழுதினால், சேர்க்காமலும் நடந்திருக்காது என்று தேர்வாளர் கேட்பார். ஆகவே சந்திப்பில் எதிர் வாகனத்தைப் பொருட்படுத்தாமல் நுழையும் நிகழ்தகவை வாகன வகையின் அமைப்பில் உயர்த்தி, சந்திப்புக்குள் நேரும் மோதல்களையும் கண்டறியும் தெரிவை இயக்கி, முதலில் எச்சரிக்கை இல்லாமல் எத்தனை மோதல்கள் நேர்கின்றன என்று பதிவுசெய்யுங்கள்.

அடுத்து எச்சரிக்கை நிரல். தன் காரும் செய்தி அனுப்பிய காரும் சந்திப்பை அடைய எடுக்கும் நேரங்களைக் கணக்கிட்டு, அவற்றின் வேறுபாடு இரண்டு நொடிக்குள் இருந்தால் எச்சரிக்கும்படி எழுதினால் தொடக்கத்துக்குப் போதும். எச்சரித்த நொடியிலேயே காரை நிறுத்திவிடாமல், ஒன்றரை நொடி தாமதித்தே வேகத்தைக் குறைக்கக் கட்டளையிடுங்கள். இருப்பிடத் தரவில் மூன்று முதல் ஐந்து மீட்டர் வரை தற்செயல் பிழையையும் கலக்க வேண்டும்; சாலையின் ஒரு தடமே மூன்றரை மீட்டர்தான் என்பதால், இந்தப் பிழையைச் சேர்த்ததும் பக்கத்துத் தடத்துக் காருக்காகவும் தேவையற்ற எச்சரிக்கைகள் எழத் தொடங்கும். அவற்றையும் எண்ணிவையுங்கள்.

வெய்ன்ஸ் 5.9 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் 802.11p என்னும், வாகனங்களுக்கான வைஃபை வகையைப் பின்பற்றுகிறது. அமெரிக்கா 2020இல் அந்த அலைவரிசைப் பட்டையின் மேல் 30 மெகாஹெர்ட்ஸைக் கைப்பேசித் தொழில்நுட்பம் சார்ந்த முறைக்குத் திருப்பிவிட்டதால், எந்த முறையைச் சோதித்தீர்கள் என்பதை அறிக்கையில் தெளிவாகக் குறிப்பிடுங்கள்.

கடைசியாக, இந்தத் தொடர்புக் கருவி பொருத்திய வாகனங்களின் விகிதத்தை மாற்றி மாற்றி ஓட்டுங்கள். இரண்டு கார்களிலும் கருவி இருந்தால்தான் எச்சரிக்கை பிறக்கும் என்பதால், பத்து விழுக்காடு கார்களில் மட்டும் அது இருக்கும்போது இரு கார்கள் எதிர்ப்படும் நூறு தடவைகளில் ஒன்றில்தான் பயன் கிடைக்கும். பாதிக் கார்களில் இருந்தாலும் கால்பங்குதான். ஒவ்வொரு விகிதத்துக்கும் தற்செயல் எண்ணின் தொடக்க மதிப்பை மாற்றிப் பலமுறை ஓட்டி, முதல் எச்சரிக்கை வந்தபோது சந்திப்புக்கு மீதமிருந்த தொலைவிலிருந்து நிறுத்தத் தொலைவைக் கழித்து வரைபடமாக்குங்கள். சுழியத்துக்குக் கீழே விழும் புள்ளிகளை எடுத்து, அந்தச் செய்தி கட்டடத்தால் தடுக்கப்பட்டதா, வானலை நெரிசலில் தொலைந்ததா, நிரல்தான் தாமதித்ததா என்று பதிவுக் கோப்பில் ஒவ்வொன்றாகத் தேடுங்கள்.