டிமென்ஷியாவைத் தள்ளிப்போட இணையப் பயிற்சி: எங்கிருந்து தொடங்குவது?

சென்ற ஆண்டு ஓர் இணைய வாழ்க்கைமுறைப் பயிற்சியில் சேர்ந்தேன். மூன்றே வாரத்தில் பதினொரு பாடங்களை முடித்தேன், எல்லாமே மின்விசிறிக்குக் கீழே நாற்காலியில் சாய்ந்தபடி. ‘உடலை அசையுங்கள்’ என்ற பாடம் உட்பட! நீங்கள் அப்படித் தொடங்க வேண்டாம்.

டிமென்ஷியா எனும் மறதிநோய் முதுமையில் வெளியே தெரிந்தாலும், மூளையில் மாற்றம் பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சரிசெய்தால் ஏறத்தாழ 45 சதவீத மறதிநோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்றது 2024-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான அறிக்கை. ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, சர்க்கரை, காது மந்தம் எல்லாம் அதில் உண்டு.

முதல் படி, அளவெடுப்பது. பயிற்சியில் ரத்த அழுத்தம் கேட்டால் குத்துமதிப்பாக ‘120’ என்று போடாதீர்கள். காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகட்டும். முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பட, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். சட்டைக் கையின் மேல் பட்டையைக் கட்டாதீர்கள். கை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் இருக்கட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை பார்த்து இரண்டையும் எழுதுங்கள். மேல் அளவு தொடர்ந்து 130-ஐத் தாண்டினால் மருத்துவரிடம் காட்டுங்கள். டிவி சத்தத்துக்காக வீட்டில் திட்டு வாங்குபவர்கள் காதையும் சோதித்துக்கொள்ளலாம்.

இரண்டாம் படி, தேர்வு. புதிர் விளையாட்டு மட்டும் தரும் செயலி போதாது. ஆஸ்திரேலியாவில் 55 முதல் 77 வயது வரையிலான 6,000-க்கும் மேற்பட்டோரிடம் 3 ஆண்டுகள் நடந்த இணைய ஆய்வில் உடற்பயிற்சி, உணவு, மனநலம், மூளைப் பயிற்சி ஆகியவற்றை அவரவர் நிலைக்கேற்பக் கொடுத்தார்கள். பொதுவான தகவல் மட்டும் பெற்றவர்களைவிட இவர்களின் சிந்தனைத் திறன் மேம்பட்டிருந்தது. மறதிநோயே வராது என்று இதற்குப் பொருளில்லை.

மூன்றாம் படி, நடை. வாரம் 150 நிமிடம். பேச முடிய வேண்டும், பாட மூச்சு மிஞ்சக் கூடாது, அதுதான் வேகம். வேலூர் வெயிலில் விடியற்காலையை விட்டால் நடக்க நேரமில்லை. இப்போதெல்லாம் பாடங்களைக் காதில் கேட்டுக்கொண்டே கோட்டை அகழியோரம் நடக்கிறேன்.

நான்காம் படி, சாப்பாடு. பயிற்சியில் ஆலிவ் எண்ணெயும் சால்மன் மீனும் சொல்வார்கள், மிரள வேண்டாம். கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும், வேர்க்கடலையும், இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்காயும் நம் பக்கமே கிடைக்கின்றன. பயிற்சியின் உணவுக் குறிப்பேட்டில், குலாப் ஜாமூன் போன்ற நம்மூர் இனிப்பான ஆற்காடு மக்கன் பேடாவைத் தேடினேன், இல்லை. பட்டியலில் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். இரண்டு குலாப் ஜாமூன் என்று எழுதுங்கள்.