தேதியை வெட்டிவிட்டுப் பகிராதீர்கள்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் கார்த்திகை மாதத்தில் வெள்ளம் முதலில் கைப்பேசிக்குத்தான் வரும். யாரோ நல்ல எண்ணத்தில் அனுப்பிய செய்தி தெருவில் பாதிப் பேரைத் தூங்கவிடாது. பெரும்பாலும் அதில் பொய் இருக்காது. நடந்த விஷயம்தான், எப்போது, எங்கே என்பது மட்டும் காணாமல் போயிருக்கும். தெரிந்ததை நாலு பேருக்குச் சொல்லப்போய் நாம் செய்யும் தவறுகளில் பாதி இப்படித்தான் நடக்கிறது.

2024 நவம்பரில் வந்த ஃபெஞ்சல் புயலையே எடுத்துக்கொள்ளுங்கள். வலுப்பெறுமா, எங்கே கரையைக் கடக்கும், எப்போது கடக்கும் என்ற கணிப்பு மாறிக்கொண்டே இருந்தது. கடைசியில் 30ஆம் தேதி சனிக்கிழமை இரவு புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் நின்று கொட்டித் தீர்த்தது. வானிலை மையம் தன் அறிக்கைகளில் தேதியும் மணியும் போட்டுத்தான் தருகிறது. நாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வேண்டிய வரியை மட்டும் வெட்டி அனுப்புகிறோம். வியாழக்கிழமைக் கணிப்பு சனிக்கிழமை மாலை ஒருவர் கைக்குப் போய்ச் சேர்கிறது. அவரும் அதை நம்பி வண்டியை எடுக்கிறார்.

அதே மழையில், டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை தண்ணீர் திறந்துவிடப்பட்டது. அணை இருப்பது திருவண்ணாமலை மாவட்டத்தில், தென்பெண்ணை ஆற்றின் குறுக்கே. அந்த ஆறு திருக்கோவிலூர் வழியாக வந்து கடலூர் அருகே கடலில் சேருகிறது. அங்கே திறக்கும் நீர் இங்கே வர மணிக்கணக்கில் ஆகும். "அணையைத் திறந்துட்டாங்க" என்று மட்டும் எழுதினால் ஆற்றங்கரையில் இருப்பவருக்கு அதனால் என்ன பயன்? சாமானைப் பரணில் ஏற்ற நேரம் இருக்கிறதா, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உடனே கிளம்ப வேண்டுமா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். எந்த அணை, எத்தனை மணிக்கு, எத்தனை கன அடி, யார் சொன்னது. ஒரு வரிக்குள் எழுதிவிடலாம்.

துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டு விஷயத்தில் வேறொரு தவறு நடக்கிறது. ஏழாம் எண் ஏற்றினால், "நேத்து அஞ்சு, இன்னிக்கு ஏழு, புயல் பயங்கரமாயிடுச்சு" என்று யாராவது விளக்கம் சேர்த்துவிடுகிறார்கள். அந்த எண்களுக்கு அப்படிப் பொருள் இல்லை. 5, 6, 7 மூன்றும் ஒரே அளவு அபாயத்தைச் சொல்பவை. புயல் துறைமுகத்துக்கு இந்தப் பக்கம் கடக்குமா, அந்தப் பக்கமா, துறைமுகத்தின் மேலேயே அல்லது மிக அருகிலா என்பதில்தான் வித்தியாசம். 8, 9, 10 இதே வரிசைதான், ஆனால் கடும் புயலுக்கானவை. 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது. கூண்டு ஏற்றியதைப் பார்த்தால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். பொருள் தெரியாவிட்டால் விட்டுவிடலாம், யாரும் பரீட்சை வைக்கப் போவதில்லை.

அப்புறம் அளவு. பண்ருட்டிப் பக்கம் முந்திரி பூக்கும் நேரத்தில் தேயிலைக் கொசு என்ற பூச்சியின் தொல்லை உண்டு. "டேங்க்குக்கு ரெண்டு மூடி அடிச்சேன், நின்னுடுச்சு" என்று ஒருவர் குரல் பதிவு போடுவார். அவர் தோப்பில் உண்மையாகவே நின்றிருக்கும். ஆனால் டேங்க் 10 லிட்டரா, 16 லிட்டரா? எந்த பாட்டிலின் மூடி? சொன்னது கடையில் விற்கும் பெயரா, உள்ளிருக்கும் மருந்தின் பெயரா, அது எத்தனை சதவீதம்? அவருக்கு இவையெல்லாம் பழக்கம் என்பதால் சொல்லத் தோன்றுவதில்லை. கேட்பவரோ இரண்டு மடங்கு அடித்துப் பூவைக் கருக்கிவிட்டு, சொன்னவரைத் திட்டுவார். போன வருஷம் எது பலிக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால் இன்னும் நல்லது. அதைத்தான் யாரும் சொல்வதில்லை. குரல் பதிவாகவே போட்டாலும் கீழே இரண்டு வரி எழுதிவையுங்கள். அடுத்த பருவத்தில் தேடும்போது எழுத்துதான் அகப்படும்.

எழுதியவர், எடுத்தவர் பெயரை நறுக்குவது இன்னொரு பழக்கம். பாரதி 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்தவர் என்பதாலோ என்னவோ, முண்டாசுப் படத்தோடு எந்த வரி வந்தாலும் நம் ஊர்க்காரர்களுக்குச் சந்தேகமே வருவதில்லை. அவர் கவிதைகள் முழுதாக இணையத்தில் கிடைக்கின்றன, அந்த வரி அவருடையதுதானா என்று தேடிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரையை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். ஆனால் எடுத்த இடத்தைச் சொல்ல வேண்டும், அதே உரிமத்தில்தான் மீண்டும் பகிர வேண்டும் என்பது நிபந்தனை. இலவசம் என்றால் பெயர் போட வேண்டாம் என்று நாமாக எடுத்துக்கொள்கிறோம். பழைய வீதிப் படத்தின் கீழே "இணையத்தில் கிடைத்தது" என்று போடுவதும் அதே ரகம்.

இதைவிட எனக்கு எரிச்சலூட்டுவது எழுத்துப்பிழையைப் பிடித்துக்கொண்டு விஷயத்தை விடுவது. வாடைக் காற்றையும் கொண்டலையும் கடலில் நின்று கற்ற ஒருவர் ர, ற மாற்றி எழுதினால் நாலு பேர் கிண்டல் செய்கிறார்கள். அவர் மறுபடி எழுதமாட்டார். இழப்பு நமக்குத்தான். பெரியவர் பேசுவதைக் கைப்பேசியில் பிடித்து, அவரிடம் கேட்காமலே ஏற்றுவதும் வேண்டாம். "போடலாமா அய்யா, பேரைப் போடட்டுமா" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சரி, தவறாக அனுப்பிவிட்டால்? சத்தமில்லாமல் அழிப்பதைத்தான் எல்லோரும் செய்கிறோம். நம் குழுவில் அழிந்தாலும், அங்கிருந்து எடுத்து மற்றவர்கள் அனுப்பியது அழியாது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய 15 நிமிடத்துக்குள் திருத்தலாம், ஆனால் ஏற்கெனவே பகிரப்பட்ட பிரதிக்கு அந்தத் திருத்தமும் போகாது. அதே குழுவில், "காலை அனுப்பிய அணைச் செய்தி பழையது, யாருக்காவது அனுப்பியிருந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள்" என்று தனியாக எழுதுங்கள். எழுதும்போது அதிலும் தேதியையும் மணியையும் போட்டுவிடுங்கள்.