வி.எஸ். கோடில் சரியான பைத்தானைத் தேர்ந்தெடுப்பது

பிப் (பைத்தான் பேக்கேஜ்களை நிறுவும் கருவி) மூலம் பேக்கேஜை நிறுவியாயிற்று, டெர்மினலும் நிறுவிவிட்டதாகச் சொல்கிறது, ஆனால் வி.எஸ். கோட் எடிட்டரில் நிரலை ஓட்டினால் 'மாட்யூல் நாட் ஃபவுண்ட்' என்று வருகிறதா? அந்த பேக்கேஜை அழித்து மறுபடி நிறுவ வேண்டாம். பெரும்பாலும் காரணம் இதுதான்: கணினியில் ஒன்றுக்கு மேற்பட்ட பைத்தான் இருக்கிறது, பிப் ஒன்றில் போட்டிருக்கிறது, எடிட்டர் வேறொன்றை ஓட்டுகிறது.

வி.எஸ். கோடில் எது ஓடுகிறது என்பதைப் பைத்தானிடமே கேட்டுவிடுங்கள். சிஸ் (sys) மாட்யூலை இம்போர்ட் செய்து, அதிலுள்ள எக்ஸிகியூட்டபிள் என்ற மதிப்பை பிரின்ட் செய்தால் முழுப் பாதையும் தெரியும். டெர்மினலில் பிப்பின் வெர்ஷனைக் கேட்டால் அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்றும் சேர்த்தே காட்டும். இரண்டு பாதைகளும் வெவ்வேறு பைத்தானுக்கு உரியவையாக இருந்தால் சிக்கல் பிடிபட்டுவிட்டது.

சரி, இப்போது மாற்றலாம். வி.எஸ். கோடில் பைத்தான் எக்ஸ்டென்ஷன் (கூடுதலாக நிறுவும் துணை நிரல்) இருக்க வேண்டும். தனி ஃபைலாகத் திறக்காமல் புராஜெக்ட் ஃபோல்டரையே திறந்துகொண்டு, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்தி (மேக்கில் கன்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட்) 'பைத்தான்: செலக்ட் இன்டர்ப்ரெட்டர்' என்று தேடுங்கள். வருகிற பட்டியலில் பெயரைவிடப் பாதையைப் பாருங்கள், 3.12 என்றே இரண்டு வரிகள் இருக்கலாம். வேண்டியது பட்டியலில் இல்லையென்றால் பாதையை நாமே கொடுக்க அங்கேயே வழி உண்டு. வென்வ் (ஒரு புராஜெக்டுக்கென்று தனியாக உருவாக்கும் பைத்தான் சூழல்) என்றால் விண்டோஸில் அதற்குள் இருக்கும் ஸ்கிரிப்ட்ஸ் ஃபோல்டரிலும், லினக்ஸிலும் மேக்கிலும் 'பின்' (bin) ஃபோல்டரிலும் பைத்தான் இருக்கும்.

மாற்றிய பிறகு ஏற்கெனவே திறந்திருக்கும் டெர்மினலை மூடிவிட்டுப் புதிதாக ஒன்று திறக்க வேண்டும், பலர் தவறவிடுவது இதைத்தான், பழைய டெர்மினல் பழைய பைத்தானையே பிடித்துக்கொண்டிருக்கும். அப்புறம் பிப்பைத் தனியாகக் கூப்பிடாமல், பைத்தான் என்று எழுதி ஹைஃபன் எம் (-m) போட்டு அதன் பிறகு பிப் என்று கூப்பிடுங்கள். எந்தப் பைத்தானைக் கூப்பிட்டீர்களோ அதிலேயே பேக்கேஜ் போய்ச் சேரும். இந்தப் பழக்கத்தை எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்வேன்.

ஜூபிட்டர் நோட்புக் என்றால் இந்தத் தேர்வு போதாது, வலது மேல் மூலையில் கர்னலை, அதாவது நோட்புக்கை ஓட்டும் பைத்தானை, தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். வென்வ் ஃபோல்டரை வேறு இடத்துக்கு நகர்த்தியிருந்தாலோ பெயரை மாற்றியிருந்தாலோ சரிசெய்து மெனக்கெடாதீர்கள், அதற்குள் பழைய முழுப் பாதைகள் பதிந்திருக்கும், அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்குவதே வேகமான வழி.